வில்லங்கச் சான்றும் வீங்கும் இன்டெக்ஸும்

தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்க முனைவோர் முதலில் கேட்டுப் பெறும் ஆவணம் வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின்மீது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கிடையே என்னென்ன விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை பதிவாகியுள்ளன என்று சார்பதிவாளர் அலுவலகம் தேடி எடுத்துத் தரும் பட்டியல் அது. அந்தத் தேடலுக்காக அலுவலகத்தில் உள்ள பத்திரங்கள் அனைத்தையும் புரட்ட வேண்டியதில்லை. ஏனெனில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆவணப் புத்தகங்களோடு இன்டெக்ஸ் எனப்படும் தேடு பதிவேடுகளையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உயில் நீங்கலாக அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்துக்கு இரண்டு இன்டெக்ஸ்கள் வேண்டும் என்று அச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு வகுக்கிறது: முதலாவதில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள், இரண்டாவதில் சொத்தின் விவரங்கள். ஆவணம் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டதும், இயன்ற வரை உடனடியாக, அதற்குரிய இன்டெக்ஸ் பதிவும் எழுதப்பட்டுவிட வேண்டும் என்று 54-ஆம் பிரிவு கூறுகிறது.

இன்று தரவுத்தளங்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் அந்த 54-ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. மூல ஆவணம் ஒன்று, அதைத் தேடிச் சேர்வதற்கான குறிப்பு மற்றொன்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதினால்தான் தேடல் நம்பத்தக்கதாக இருக்கும். இரண்டாவதை எழுதத் தனி இடமும் தனி உழைப்பும் வேண்டும். பதிவுத்துறையில் 2000-ஆம் ஆண்டில் ஸ்டார் திட்டத்தின் வழியாகக் கணினிமயமாக்கம் தொடங்கி, 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 என்னும் இணையவழி அமைப்பு நடைமுறைக்கு வந்தபோது புத்தகத்தின் இடத்தைத் தரவுத்தளமும் பேனாவின் இடத்தை விசைப்பலகையும் எடுத்துக்கொண்டன. இன்டெக்ஸுக்கான இடச்செலவு மட்டும் ஒழியவில்லை. கண்ணுக்குத் தெரியும் அலமாரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வட்டுக்கு அது இடம்பெயர்ந்தது. அதனால்தான் அதைப் பற்றிய தவறான எண்ணங்களும் மிகுந்தன.

இந்தச் செலவு எப்படிப் பெருகுகிறது என்பதற்குச் சென்னையின் தென்புறம் நல்ல சான்று. செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரியும் இடத்தில், பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஒருபுறம் மறைமலை நகரும், மறுபுறம் 2002-இல் தொடங்கப்பட்ட மகிந்திரா வேர்ல்டு சிட்டியும், சற்றுத் தொலைவில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பிறகு, நஞ்சையும் புஞ்சையுமாகக் கிடந்த நிலங்கள் மனைப்பிரிவுகளாக மாறின. இப்பகுதியில் மூன்று சகோதரர்கள் கூட்டாக வைத்திருந்த, இரண்டு சர்வே எண்களில் அடங்கிய நிலத்தை ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குவதாகக் கொண்டால், 1-ஆம் புத்தகத்தில் ஏறுவது ஓர் ஆவணம்தான். ஆனால் பெயர் இன்டெக்ஸில் ஐந்து பதிவுகளும் சொத்து இன்டெக்ஸில் இரண்டு பதிவுகளும் ஏற வேண்டும். பின்னர் அதே நிலம் அறுபது மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டால், மனைக்கு ஒரு விற்பவர், ஒரு வாங்குபவர், ஒரு சர்வே உட்பிரிவு என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் அறுபது ஆவணங்களுக்கு நூற்றெண்பது இன்டெக்ஸ் பதிவுகள் சேரும். இன்டெக்ஸ் என்றால் நூலின் கடைசியில் வரும் நான்கைந்து பக்கம் என்ற பழக்கப்பட்ட எண்ணம் இங்கே பொருந்தாது. தேடும் வழிகள் மிகுந்த இடத்தில் இன்டெக்ஸ்கள் எல்லாம் சேர்ந்து மூல அட்டவணையைவிடப் பெரிதாக இருப்பது இயல்பே. பத்திரங்களின் ஸ்கேன் படங்கள் இவை இரண்டையும் விழுங்கும் அளவுக்கு இடம் பிடிப்பவை என்பது உண்மை. ஆயினும் அவை ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே கிடப்பவை. இன்டெக்ஸோ ஒவ்வொரு பதிவின்போதும் புதிதாகத் தொடப்படுவது.

தரவுத்தளத்தில் ஒரே வகைத் தகவல்கள் வரிசை வரிசையாக அமைந்த தொகுப்பு அட்டவணை எனப்படுகிறது. அது வட்டில் ஒரே நீளத் தாளாக எழுதப்படுவதில்லை. பக்கம் எனப்படும் சம அளவுத் துண்டுகளாக எழுதப்படுகிறது. போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் ஒரு பக்கம் 8 கிலோபைட். மற்றொரு மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு முறையில் வழக்கமாக 16 கிலோபைட். இன்டெக்ஸும் இத்தகைய பக்கங்களால் ஆனதுதான், ஆனால் அதில் பதிவுகள் எப்போதும் வரிசை குலையாமல் இருக்க வேண்டும். இதற்காகப் பெரும்பாலான தரவுத்தளங்கள் பயன்படுத்தும் பி-ட்ரீ என்னும் மர அமைப்பை, போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-இல் உருவாக்கினர். மேலே சில வழிகாட்டிப் பக்கங்களும், அடியில் உண்மையான பதிவுகளைத் தாங்கும் இலைப்பக்கங்களும் கொண்ட அந்த மரத்தில், கோடிப் பதிவுகளுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கைந்து பக்கங்களைப் படித்தால் போதும்.

அந்த வேகத்துக்கு விலை, காலி இடம். வரிசையின் நடுவில் ஒரு புதிய பதிவு நுழைய வேண்டியிருந்து, அதற்குரிய இலைப்பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், தரவுத்தளம் அப்பக்கத்தை இரண்டாகப் பிளந்து பாதிப் பதிவுகளைப் புதிய பக்கத்துக்கு மாற்றுகிறது. ஒரு கணம் முன்பு முழுதாக நிரம்பியிருந்த ஒரு பக்கத்தின் இடத்தில் இப்போது பாதி நிரம்பிய இரண்டு பக்கங்கள் நிற்கின்றன. கூடியது ஒரே ஒரு பதிவு. இப்பிளவுகள் ஒழுங்கின்றி நிகழ்ந்துகொண்டேயிருந்தால் பக்கங்கள் சராசரியாக எவ்வளவு நிரம்பியிருக்கும் என்பதை ஆண்ட்ரூ யாவ் 1978-இல் கணித முறையில் ஆராய்ந்தார்; விடை ஏறத்தாழ 69 விழுக்காடு. அதாவது, எவரும் எந்தத் தவறும் செய்யாமலேயே, இயல்பான பயன்பாட்டில் மட்டும், இன்டெக்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கிடக்கும்.

எண்ணால் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு கோடி வரிசைகள் கொண்ட அட்டவணையில் 8 பைட் நீள எண் ஒன்றுக்குப் போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் கட்டினால், எண்ணுக்கு 8, தலைக்குறிப்புக்கு 8, பக்கத்துக்குள் இடம் காட்டும் சுட்டிக்கு 4 என்று ஒரு பதிவுக்கு 20 பைட் ஆகிறது. இலைப்பக்கங்களை 90 விழுக்காடு நிரப்பி 10 விழுக்காட்டை வருங்காலப் பதிவுகளுக்காக விட்டுவைப்பது அத்தரவுத்தளத்தின் இயல்பு. அந்த அளவில் புதிதாகக் கட்டப்பட்ட இன்டெக்ஸ் சுமார் 214 மெகாபைட் இருக்கும். அதே ஒரு கோடிப் பதிவுகள் தாறுமாறான வரிசையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தால் 280 மெகாபைட்டை ஒட்டியும், பக்கங்கள் பாதியளவே நிரம்பியிருக்கும் மோசமான நிலையில் 380 மெகாபைட்டுக்கு மேலும் போகும். மூன்று நிலைகளிலும் உள்ளடக்கம் ஒன்றே. வட்டில் தெரியும் அளவு, அட்டவணையில் எவ்வளவு தகவல் உள்ளது என்பதை மட்டும் காட்டுவதில்லை. அந்தத் தகவல் எந்த வரிசையில் வந்தது, எத்தனை முறை மாறியது என்ற வரலாற்றையும் சேர்த்தே காட்டுகிறது. இதை உணராமல் வட்டு நிரம்பியதும் புதிய வட்டு வாங்குவதை மட்டுமே தீர்வாகக் கொள்ளும் அலுவலகங்கள், காலி இடத்துக்கே மீண்டும் மீண்டும் பணம் கட்டுகின்றன.

அட்டவணையின் எந்தப் பத்திக்கு, அதாவது எந்த விவரத்துக்கு, இன்டெக்ஸ் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஆவண எண் ஏறுவரிசையில் வருவதால் புதிய பதிவுகள் எப்போதும் கடைசிப் பக்கத்திலேயே சேர்கின்றன. பிளவுகளால் இடம் வீணாவதில்லை. பெயர்கள் அப்படியல்ல, ஆறுமுகத்துக்குப் பின் வெங்கடேசனும் அவருக்குப் பின் கண்ணம்மாளும் பதிவுக்கு வருவதால் மரத்தின் எல்லாக் கிளைகளிலும் பிளவுகள் நேரும். சர்வே எண்ணின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: ஒரு மனைப்பிரிவு விற்பனைக்கு வந்ததும் ஒரே சர்வே எண்ணைச் சுற்றிச் சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான பதிவுகள் குவிந்து, பின்னர் அப்பகுதி அமைதியாகிவிடும். ஒரே மதிப்பு இப்படிப் பலமுறை வரும் இடங்களில், அம்மதிப்பை ஒருமுறை மட்டும் எழுதி அதன்கீழ் வரிசைகளின் முகவரிகளை அடுக்கும் உத்தியை 2020-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பு சேர்த்தது. சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தின் நிலப் பதிவு போன்ற தரவுக்கு அளந்து தைத்த சட்டை போன்ற உத்தி அது.

இதுவரை சேர்ப்பது பற்றி மட்டுமே பேசப்பட்டது. மாற்றுவதும் நீக்குவதும் இன்னும் சிக்கலானவை. காகிதப் பதிவேட்டில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஓர் ஆவணம் பதிவாகும், பழையதும் அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸும் ஏறத்தாழ இதே கொள்கையைப் பின்பற்றுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு வரிசையில் ஒரு பத்தி மாறினாலும் அது பழைய வரிசையின்மேல் எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை வேறிடத்தில் எழுதி, பழையதைக் காலாவதியானதாகக் குறிக்கிறது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய நிலையைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இடையூறு நேராமலிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் புதிய பிரதியின் இடம் மாறிவிட்டதால், அந்த அட்டவணைக்கு ஆறு இன்டெக்ஸ்கள் இருந்தால் ஆறிலும் புதிய பதிவுகள் ஏற வேண்டியிருக்கும். ஒரு கைப்பேசி எண்ணைத் திருத்தியதற்கு ஏழு இடங்களில் எழுத்து. ஊபர் நிறுவனம் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதற்கு 2016-இல் வெளிப்படையாகக் கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்தச் சுமையைக் குறைக்க, இந்தியப் பொறியாளர் பவன் தியோலசீ முன்னின்று உருவாக்கிய ஹாட் என்னும் உத்தி 2008-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 8.3 பதிப்பில் இடம்பெற்றது. மாறிய பத்தி எந்த இன்டெக்ஸிலும் இல்லாமலிருந்து, பழைய வரிசை இருந்த அதே பக்கத்தில் புதிய பிரதிக்கு இடமும் இருந்தால், இன்டெக்ஸைத் தொடாமலேயே மாற்றம் முடிந்துவிடும். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் கூர்மையானது. ஒரு விண்ணப்பம் ‘பெறப்பட்டது’, ‘சரிபார்ப்பில்’, ‘பதிவு செய்யப்பட்டது’, ‘வழங்கப்பட்டது’ என்று ஒவ்வொரு படியாக நகரும் அமைப்பில், அந்த நிலையைக் குறிக்கும் பத்திக்குத் தேடல் வசதிக்காக ஓர் இன்டெக்ஸ் கட்டினால், ஒவ்வொரு நகர்வும் ஹாட் சலுகையை இழந்து எல்லா இன்டெக்ஸ்களையும் வீங்கச் செய்யும். வசதிக்காகச் சேர்த்த ஓர் இன்டெக்ஸ் மற்ற ஐந்தையும் பெரிதாக்குவதைப் பலர் கவனிப்பதில்லை.

காலாவதியான பிரதிகளை அப்புறப்படுத்துவது வேக்யூம் என்னும் பணி. அது தானாகவே இயங்கும்; ஆயினும் இயல்பான அமைப்பில், அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கு காலாவதியான பிறகே அது கிளம்புவதால், ஒரு கோடி வரிசைகள் கொண்ட அட்டவணையில் இருபது லட்சம் பழைய பிரதிகள் சேரும்வரை ஒன்றும் நிகழாது. கிளம்பினாலும் அது அந்த இடத்தை இயக்குதளத்துக்குத் திருப்பித் தருவது அரிது. கோப்பின் கடைசியில் முழுதும் காலியான பக்கங்கள் இருந்தால் மட்டுமே கோப்பு குறுகும். மற்ற இடமெல்லாம் அதே அட்டவணை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க காலியிடமாக உள்ளேயே இருந்துவிடும். இன்டெக்ஸில் நிலைமை இன்னும் கடினம்: ஒரு பக்கத்தில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பதிவுகளில் ஒன்று எஞ்சியிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அப்பக்கத்தை அண்டைப் பக்கத்தோடு சேர்ப்பதில்லை, முழுதும் காலியானால்தான் மறுபயன்பாட்டுக்கு விடும். எனவே பக்கத்துக்கு ஒரு பதிவு மட்டும் மிஞ்சும்படி பழைய தரவை நீக்கியவர், இன்டெக்ஸின் அளவில் எந்த மாற்றத்தையும் காணமாட்டார். இன்னோடிபி இதில் சற்று வேறுபட்டது. பக்கம் பாதிக்குக் கீழே குறைந்தால் அண்டைப் பக்கத்தோடு இணைக்க முயலும்.

இந்த இடத்தில் அடிப்படையான ஒரு வேறுபாட்டைக் கூற வேண்டும். இன்டெக்ஸைச் சீர்செய்தால் அட்டவணையின் அளவு மாறுமா என்ற கேள்விக்கு விடை அதில்தான் உள்ளது. போஸ்ட்கிரெஸில் அட்டவணை தனிக் கோப்பு, இன்டெக்ஸ் தனிக் கோப்பு. இன்டெக்ஸை மட்டும் மறுகட்டமைத்தால் இன்டெக்ஸ் இளைக்கும், அட்டவணை அப்படியே இருக்கும். இன்னோடிபியிலோ அட்டவணையே, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலின் வரிசையில் அமைந்த ஒரு பி-ட்ரீ, எஸ்.க்யூ.எல். சர்வரிலும் கிளஸ்டர்டு இன்டெக்ஸ் கட்டப்பட்ட அட்டவணையின் நிலை அதுவே. அங்கு இன்டெக்ஸின் இலைப்பக்கங்களே அட்டவணையின் வரிசைகள் என்பதால், அந்த இன்டெக்ஸைத் தொடும் எந்தப் பராமரிப்பும் அட்டவணையின் அளவை நேரடியாக மாற்றும். மேலும், இன்னோடிபியின் பிற இன்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் வரிசையைச் சுட்ட முதன்மைத் திறவுகோலையே தாங்கி நிற்கின்றன. 8 பைட் எண்ணுக்குப் பதிலாக 36 எழுத்து நீளமுள்ள குறியீட்டைத் திறவுகோலாக வைத்தால், ஒரு கோடி வரிசைகளும் ஆறு துணை இன்டெக்ஸ்களும் கொண்ட அட்டவணையில் அந்தக் கூடுதல் நீளத்துக்கு மட்டும் 168 கோடி பைட், அதாவது ஒன்றரை ஜிகாபைட்டுக்கும் மேல், செலவாகும். அது தாறுமாறான குறியீடாகவும் இருந்தால் பக்கப் பிளவுகள் தனி.

மறுகட்டமைப்பு என்பது இருப்பதை ஒதுக்கி அடுக்குவது அன்று. புதிய பிரதி ஒன்றை முழுமையாகக் கட்டி முடித்து, அதன்பின் பழையதை நீக்குவது. ஆகவே இடத்தை மீட்கும் இந்த வேலை முதலில் இடத்தைக் கேட்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வரில் 100 ஜிகாபைட் கோப்பு ஒன்றில், வீங்கிய அட்டவணை ஒன்று 60 ஜிகாபைட்டும், மற்றவை 30 ஜிகாபைட்டும், காலியிடம் 10 ஜிகாபைட்டும் இருப்பதாகக் கொள்ளலாம். மறுகட்டமைத்தால் அட்டவணை 45 ஜிகாபைட்டாகச் சுருங்கும் என்றால், பழைய 60-ம் புதிய 45-ம் சிறிது நேரம் அருகருகே இருந்தாக வேண்டும்; கோப்பு குறைந்தது 135 ஜிகாபைட்டாக வளரும். வேலை முடிந்ததும் பழையது நீங்கும், ஆனால் கோப்பு தானாகக் குறையாது. அட்டவணை 15 ஜிகாபைட் இளைத்தது, கோப்போ 35 ஜிகாபைட் பெருத்தது. இரண்டு எண்களும் உண்மையே. எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, பராமரிப்பு வென்றதாகவோ தோற்றதாகவோ தோன்றும். இத்தோடு, முழுமையான மீட்பு முறையில் இயங்கும் தரவுத்தளத்தில் மறுகட்டமைப்பின் ஒவ்வொரு பக்கமும் பரிவர்த்தனைக் குறிப்பேட்டிலும் எழுதப்பட்டு அதையும் பெருக்கும்.

கோப்பு பெருத்துவிட்டதே என்று உடனே அதைச் சுருக்கும் கட்டளையை இடுவதுதான் மிகுதியாக நேரும் தவறு. அக்கட்டளை கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்களை எடுத்து முன்பகுதியில் கண்ட காலியிடங்களில் செருகுவதால், அரும்பாடுபட்டு வரிசைப்படுத்திய இன்டெக்ஸ் மீண்டும் சிதறுகிறது. சிதறலைக் கண்டு மறுகட்டமைக்கிறார்கள், கோப்பு மீண்டும் வளர்கிறது. வாரந்தோறும் இவ்விரண்டையும் மாறி மாறி இயக்கும் ஏற்பாட்டால் எவருக்கும் பயனில்லை. கோப்புக்குள் இருக்கும் காலியிடம் அடுத்த மறுகட்டமைப்புக்குத் தேவைப்படும் வேலையிடம் என்று கருதி விட்டுவிடுவதே நல்லது.

நிரப்பு விழுக்காட்டையும் மறந்துவிடக் கூடாது. மேற்கண்ட 45 ஜிகாபைட் என்பது பக்கங்களை முழுதாக நிரப்பிய கணக்கு. எதிர்காலப் பிளவுகளைத் தவிர்ப்பதற்காக 80 விழுக்காடு மட்டுமே நிரப்பும்படி அமைத்து மறுகட்டமைத்தால், அதே அட்டவணை 56 ஜிகாபைட்டாக நிற்கும்; ஏற்கெனவே நன்கு நிரம்பியிருந்த அட்டவணைக்கு இதைச் செய்தால் பராமரிப்பே அதைப் பெரிதாக்கிவிடும். சிதறல் 5 விழுக்காட்டைத் தாண்டினால் ஒழுங்குபடுத்துக, 30-ஐத் தாண்டினால் மறுகட்டமைக்க என்று எஸ்.க்யூ.எல். சர்வர் உலகில் நெடுங்காலம் ஓதப்பட்டு வந்த விதியில் உள்ளவை, மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய பால் ராண்டல் ஒரு தொடக்கப் புள்ளியாகத் தோராயமாகத் தேர்ந்த எண்கள் என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த எண்களை வேதவாக்காகக் கொண்டு இரவுதோறும் எல்லா இன்டெக்ஸையும் மறுகட்டமைப்பதைவிட, ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடத் தேடலுக்குப் பயன்படாத இன்டெக்ஸ்கள் எவை என்று பார்த்து நீக்குவது பெரும்பாலும் கூடுதல் இடத்தை மீட்டுத் தரும். எந்த இன்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கைத் தரவுத்தளங்களே வைத்திருக்கின்றன, கேட்பார்தான் குறைவு. மாதக் கடைசி அறிக்கைக்கோ ஆண்டுத் தணிக்கைக்கோ மட்டும் பயன்படும் இன்டெக்ஸைத் தவறி நீக்கிவிடாமலிருக்க, அக்கணக்கை ஒரு முழு ஆண்டுக்குப் பார்ப்பது நலம்.

நிலப் பதிவு போன்ற தரவுக்கு இன்னும் பொருத்தமான வழி, அட்டவணையை ஆண்டுவாரியாகப் பகுதிகளாகப் பிரிப்பது. 1998-இல் பதிவான கிரயப் பத்திரம் இனி மாறப்போவதில்லை. அந்த ஆண்டுக்குரிய பகுதியின் இன்டெக்ஸை ஒருமுறை முழு நிரப்பு அளவில் மறுகட்டமைத்துவிட்டால், பிளவும் வீக்கமும் அங்கே மீண்டும் தலைகாட்டா. நடப்பு ஆண்டின் பகுதிக்கு மட்டும் பக்கங்களில் காலியிடம் விட்டு, ஆண்டு முடிந்ததும் அதையும் இறுக்கலாம். மறுகட்டமைப்புக்குத் தேவையான வேலையிடமும் ஓராண்டுத் தரவின் அளவுக்குக் குறைந்துவிடும். முப்பது ஆண்டு வில்லங்கம் கேட்பவருக்காக ஒரு மரத்துக்குப் பதில் முப்பது மரங்களைத் தேட வேண்டியிருக்கும் என்பது இதற்கான விலை. ஒவ்வொரு மரத்திலும் மூன்று நான்கு பக்கங்களே படிக்க வேண்டியிருப்பதால், மொத்தம் நூற்றுச் சொச்சம் பக்கங்கள், ஒரு மெகாபைட்டை ஒட்டிய வாசிப்பு.